ஜெனீவா போகும் மூன்று மாணவர்கள்: அங்கே உருப்படியாக என்ன செய்யலாம்?

கோண்டாவில்_மாணவி

வணக்கம் எல்லோருக்கும். நான் சட்டம் படிக்கிறேன். வரும் பெப்ரவரி–மார்ச் ஜெனீவாவில் நடக்கும் ஐ.நா. மனித உரிமைகள் பேரவைக் கூட்டத்தொடருக்கு ஒரு அமைப்பு என்னையும் இன்னும் இரண்டு மாணவர்களையும் ஒரு கிழமைக்கு அனுப்புகிறது. அமைப்புகள் பிரதான மண்டபத்துக்கு வெளியே நடத்தும் பக்க அறைக் கூட்டம் ஒன்றில் மூவரும் பேச வேண்டுமாம். மற்றபடி அங்கே என்ன வேலை என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

அம்மாவுக்குப் பயம். அப்பா, "போய்ப் படம் எடுத்துப் போடுவதற்கா இவ்வளவு காசு?" என்று கேட்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன். முன்பு போனவர்கள் சொல்லுங்கள்: எதைத் தயார் செய்துகொண்டு போக வேண்டும்? தமிழில் பேச விடுவார்களா? திரும்பி வரும்போது கரைச்சல் வருமா?

நெறியாளர்

முதல் பதிவில் இருந்த பல்கலைக்கழகப் பெயர், அமைப்பின் பெயர், பயணத் திகதி மூன்றையும் எடுத்துவிட்டேன். பதில் எழுதுகிறவர்களும் யாரையும் அடையாளம் காட்டும் விவரங்களை எழுத வேண்டாம்.

ரொறன்ரோ_குமரன்

தங்கச்சி, உன்னை நோகடிக்கச் சொல்லவில்லை. 2009 மே மாதக் கடைசியில், முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்து சில நாட்களுக்குள், இதே பேரவை சிறப்புக் கூட்டம் கூட்டி இலங்கை அரசை மெச்சித் தீர்மானம் போட்டது. ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. இந்தியாவும் ஆதரவு. அதற்குப் பிறகு இலங்கை பற்றிய தீர்மானங்கள் 19/2, 22/1, 25/1, 30/1 என்று தொடங்கி 2025 ஒக்டோபரில் 60/1 வரைக்கும் வந்துவிட்டோம். 2015இல் இலங்கையே இணை அனுசரணை கொடுத்த 30/1இல் வெளிநாட்டு நீதிபதிகளும் பங்கெடுக்கும் நீதிப் பொறிமுறை என்று எழுதியிருந்தது. ஒரு நீதிபதியும் வரவில்லை. 2020 பெப்ரவரியில் அந்த அனுசரணையிலிருந்தே விலகிவிட்டார்கள்.

நானும் இரண்டு முறை போனவன். ஐ.நா.வுக்கு எதிரே நம்மவர்கள் முருகதாசன் திடல் என்று சொல்கிற இடத்தில் பனிக் குளிரில் நின்றவன். பிள்ளைகளின் டிக்கெட் காசை வன்னியில் இரண்டு குடும்பங்களின் வாழ்வாதாரத்துக்குக் கொடுத்தால் கண்ணுக்குத் தெரிகிற பயன் இருக்கும் என்பதுதான் இன்றைக்கு என் எண்ணம்.

லொசான்_தேவன்

குமரன் அண்ணை எழுதிய இலக்கங்கள் எல்லாம் சரி. ஆனால் 2009இல் 29 நாடு அரசைப் பாராட்டிய அதே பேரவையில், 2012 மார்ச்சில் 24 நாடு அரசை எதிர்த்து வாக்களித்தது. எதிராக 15, நடுநிலை 8. இந்தியாவும் அந்த 24க்குள். மூன்று வருடத்துக்குள் என்ன மாறியது? 2011 ஏப்ரலில் ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கை வந்தது. மருத்துவமனைகள் மீது எறிகணை விழுந்தது, பாதுகாப்பு வலயத்துக்குள் சனம் செத்தது எல்லாம் ஐ.நா. கடதாசியில் ஏறியது. அது ஏறியதற்குக் காரணம், உயிர் தப்பியவர்கள் சொன்னதை யாரோ உட்கார்ந்து எழுதி, திகதி போட்டு, ஒழுங்காக அனுப்பி வைத்ததுதான்.

2021இல் வந்த 46/1 தீர்மானத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளர் அலுவலகத்துக்குள் ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்க ஒரு பிரிவு உருவானது அதனால்தான். அது நீதிமன்றம் இல்லை, யாரையும் கைது செய்யாது. ஆனால் நாளைக்கு ஏதாவது ஒரு நாட்டின் வழக்குத் தொடுநர் கோப்பைத் தேடினால், அது இருக்கிற இடம் அதுதான். 2025இல் 60/1 அதற்கு இன்னும் 2 வருடம் கொடுத்திருக்கிறது.

இப்போது தங்கச்சிக்கு. பக்க அறைக் கூட்டத்தை உன் பயணத்தின் முக்கிய வேலையாக எடுக்காதே. நான் பல வருடமாகப் பிரதிநிதிகளுக்குத் துணையாகப் போகிறவன். அந்த அறைகளில் பெரும்பாலும் நம்மவர்களே பேசுவார்கள், நம்மவர்களே கேட்பார்கள், கடைசியில் நம்மவர்களே படம் எடுப்பார்கள். ஏதாவது தூதரகத்தின் இளநிலை அதிகாரி ஒருவர் பின்வரிசையில் இருந்து குறிப்பெடுத்தால் அது நல்ல கூட்டம். நீ போகிற கிழமைக்குள் அப்படிப்பட்ட நாலு அதிகாரிகளைத் தனித்தனியாகச் சந்தித்து ஆளுக்குக் கால் மணி நேரம் பேசினால், அதுதான் வேலை.

பேரவையில் 47 நாடு. இலங்கைத் தீர்மானத்தை எழுதுவது ஒரு மையக் குழு. 2025இல் அதில் பிரிட்டன், கனடா, மலாவி, மொண்டிநீக்ரோ, வட மசிடோனியா. நம்மவர்கள் பிரிட்டனையும் கனடாவையும் போய்ப் பார்ப்பார்கள். மலாவியின் கதவைத் தட்டுகிறவர்கள் குறைவு. 2022இல் 51/1க்கு ஆதரவு 20, எதிர்ப்பு 7, நடுநிலை 20. அந்த நடுநிலை நாடுகளில் ஆபிரிக்காவும் ஆசியாவும் அதிகம். அந்தத் தூதரகங்கள் சின்னவை, இரண்டு மூன்று பேர்தான் எல்லா விடயத்தையும் பார்ப்பார்கள். படிக்கிற பிள்ளை ஒன்று ஒரு பக்கக் கடதாசியோடு வந்து ஒரே ஒரு விடயத்தைக் கேட்டால் காது கொடுப்பார்கள். இந்த முறை இலங்கை மீது வாக்கெடுப்பு இல்லை என்பதும் நல்லதுதான். அவர்களுக்கு நேரம் இருக்கும்.

ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: உன் கோரிக்கை என்ன? பத்து வேண்டாம். ஒன்று. அது நீ நினைத்துப் பிடித்ததாக இருக்கக்கூடாது. யாருக்காகப் போகிறாயோ அவர்களிடம் போய்க் கேட்டு எடுத்துக்கொண்டு வா.

கரைச்சி_வதனி

நான் கிளிநொச்சி. 2009இல் வட்டுவாகலில் அண்ணாவை அம்மா தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்தா. 2017 பெப்ரவரி 20 கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து அம்மா அந்தக் கொட்டகைக்குப் போய் வந்தா. இப்போது நடக்க ஏலாது.

தேவன் அண்ணா கடைசியாகச் சொன்னதை நான் இன்னும் அழுத்திச் சொல்கிறேன். பிள்ளைகள் வருவார்கள், அம்மாவைப் பேச வைப்பார்கள், அம்மா அழுவா, அழுகிற நேரம் படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஒருவரும் வந்து சொன்னதில்லை. அம்மா இதுவரை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பா என்று கணக்கே இல்லை.

அம்மாவிடம் ஒரு துணிக்கடைப் பை இருக்கிறது. அதற்குள் பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழு இலக்கம், செஞ்சிலுவைச் சங்கம் தந்த கடதாசி, காணாமல் போனோர் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழுவின் முன் சாட்சி சொன்னதற்கான கடிதம், பிறகு காணாமல் போனோர் அலுவலகத்தின் படிவம். எல்லாவற்றிலும் அண்ணாவின் பெயரை ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு கடதாசியில் பிறந்த வருடமும் பிழை. இங்கே எல்லாத் தாய்மாரிடமும் இப்படி ஒரு பை இருக்கிறது. அம்மாவை அழ வைக்காமல் அந்தப் பையை வாங்கிப் பார்த்து, எல்லா இலக்கத்தையும் ஒரு தாளில் வரிசையாக எழுதித் தர ஒரு சட்ட மாணவிக்கு ஏலாதா? அம்மாவுக்கும் ஒரு பிரதி. ஜெனீவாவுக்கும் ஒரு பிரதி. அதைச் செய்தால் நீங்கள் போவது எங்களுக்காக என்று நம்புவோம்.

கோண்டாவில்_மாணவி

வதனி அக்கா, செய்ய ஏலும். கட்டாயம் செய்வோம். எங்கள் வகுப்பில் இன்னும் பலர் வருவார்கள், அவர்கள் ஜெனீவா வராவிட்டாலும் இந்த வேலைக்கு வருவார்கள். எப்போது வரலாம் என்று தனிமடலில் கேட்டிருக்கிறேன்.

தேவன் அண்ணா, அப்படி எழுதிய தாளை யாரிடம் கொடுப்பது? தூதரகத்துக்கா?

லொசான்_தேவன்

முழு விவரம் உள்ள தாளைத் தூதரகத்துக்குக் கொடுக்காதே. பெயர், முகவரி, சாட்சி சொன்னவர் பெயர் எல்லாம் உள்ளது இரண்டு இடத்துக்குத்தான் போக வேண்டும், அதுவும் குடும்பம் கையெழுத்து வைத்துச் சம்மதித்தால் மட்டும். ஒன்று, வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் தொடர்பான ஐ.நா. செயற்குழு. 1980இலிருந்து இயங்குகிறது. அதற்கென்று படிவம் இருக்கிறது, குடும்பமே நேரடியாகவோ அமைப்பு மூலமாகவோ அனுப்பலாம், ஜெனீவா வரத் தேவையே இல்லை. பழைய முறைப்பாடு ஏற்கெனவே அங்கே இருக்கலாம், அப்படியென்றால் இலக்கத்தைக் கேட்டு அதோடு சேர்க்க வேண்டும். மற்றது, நான் மேலே சொன்ன ஆணையாளர் அலுவலகத்தின் பிரிவு.

தூதரகத்துக்குக் கொடுப்பது பெயர் இல்லாத ஒரு பக்கம். என்ன நடந்தது, என்ன கேட்கிறோம். அவ்வளவுதான்.

சம்மதம் என்றால் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, பிறகு வாங்க வேண்டும். பெயர் வெளியே வரலாமா, படம் வரலாமா, ஐ.நா.வுக்கு மட்டும் கொடுக்கலாமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றுக்கு ஓம் சொன்னவர் மற்றதற்கும் ஓம் சொன்னார் என்று எடுக்கக்கூடாது.

ஹரோ_நிலா

நான் லண்டனில் படிக்கிறேன், போன வருடம் மாணவர் குழுவோடு போனேன். நடைமுறை விடயங்களை நான் சொல்கிறேன்.

ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் ஆலோசனை அந்தஸ்து உள்ள அமைப்பு ஒன்று உங்கள் பெயரைக் கொடுத்தால்தான் உள்ளே போக முடியும். இணையத்தில் பதிவு செய்து, உறுதிக் கடிதம் வாங்க வேண்டும். பதிவுக்குக் காசு கிடையாது. பாஸ் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் விலகிவிடுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் விசாவுக்கு அந்தக் கடிதம் உதவும், இப்போதே ஓடுங்கள்.

15ஆம் இலக்க ட்ராமில் நேஷன்ஸ் தரிப்பில் இறங்கினால் எதிரே உடைந்த காலோடு 12 மீற்றர் உயரக் கதிரை நிற்கும். ஆர்ப்பாட்டம் நடப்பதும் நம்மவர்கள் சைக்கிளில் வரும் ஈருருளிப் பயணம் வந்து முடிவதும் அந்தத் திடலில்தான். ஆனால் பாஸ் எடுக்கும் ப்ரெக்னி வாசல் அங்கே இல்லை, மேட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். முதல் நாள் காலையில் வரிசை நீளம். கடவுச்சீட்டு கட்டாயம். உள்ளே கட்டடத் திருத்த வேலை நடப்பதால் அறைகள் மாறும், அன்றன்றைய பட்டியலைப் பாருங்கள். ஹோட்டலிலோ விடுதியிலோ தங்கினால் பஸ், ட்ராமுக்கு இலவச அட்டை தருவார்கள், கேட்டு வாங்குங்கள். சாப்பாடு பயங்கர விலை. காலையில் கடையில் பாணும் சீஸும் வாங்கிப் பையில் வைத்துவிடுங்கள்.

பிரதான மண்டபத்தில் அமைப்புகளுக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். நேரம் முடிந்தால் வசனத்தின் நடுவில் என்றாலும் ஒலிவாங்கி நின்றுவிடும். அதனால் கோரிக்கையை முதல் வசனத்திலேயே வையுங்கள், நன்றியும் வணக்கமும் வேண்டாம். பேச்சின் பிரதியை முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கொடுத்தால்தான் சரியாக மொழிபெயர்ப்பார்கள். நடுவில் ஒரு நாடு குறுக்கிட்டு ஒழுங்குப் பிரச்சினை எழுப்பலாம். எனக்கு முன்னால் பேசிய ஒருவருக்கு அப்படி நடந்தது, பயந்துபோய் நிறுத்திவிட்டார். பயப்பட வேண்டாம். தலைவர் கேட்டுவிட்டு "தொடருங்கள்" என்பார், விட்ட இடத்திலிருந்து வாசிக்க வேண்டும்.

தமிழில் பேசுவது பற்றிக் கேட்டீர்கள். அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்ய மொழி, ஸ்பானிஷ் ஆறும்தான் அலுவல் மொழிகள். வேறு மொழியில் பேசுவதென்றால் மொழிபெயர்ப்பை நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டும். சின்ன அறைச் சந்திப்புகளில் இது சுலபம். அங்கிருந்து வந்த ஒரு தாய் தமிழில் பேச, பக்கத்தில் இருந்து நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தக் கிழமை முழுக்க நான் செய்த வேலைகளில் அதுதான் பெரியது. அவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எதிரே இருந்த அதிகாரி என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

சைதாப்பேட்டை_வழக்கறிஞர்

சென்னையிலிருந்து எழுதுகிறேன். 2013 மார்ச்சில் நான் கல்லூரி மாணவன். லயோலா மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்ததில் தொடங்கி தமிழ்நாடு முழுக்கக் கல்லூரிகள் தெருவுக்கு வந்தன, அரசு கல்லூரிகளை மூடியது. மார்ச் 19இல் தி.மு.க. மத்திய ஆட்சியிலிருந்து விலகியது. 21ஆம் தேதி 22/1 நிறைவேறியது, இந்தியா ஆதரித்தது. ஆனால் அடுத்த வருடமே 25/1 வந்தபோது நடுநிலை. 2021லும் 2022லும் நடுநிலைதான். நாங்கள் தெருவில் இருந்த வேகத்துக்கு, ஜெனிவாவில் வரைவின் எந்தப் பத்தியில் என்ன மாற்றுகிறார்கள் என்று பார்க்க ஒரு மாணவரைக்கூட நாங்கள் அனுப்பவில்லை. இன்றைக்கும் எனக்கு அந்த வருத்தம் உண்டு. வரைவைப் பேசும் முறைசாராக் கூட்டங்களில் தொண்டு நிறுவனங்களும் உட்காரலாம். தங்கை, வேறு நாட்டுத் தீர்மானமாக இருந்தாலும் அப்படி ஒரு கூட்டத்தில் போய் உட்காருங்கள். "வலியுறுத்துகிறது" என்பதை "ஊக்குவிக்கிறது" என்று மாற்ற ஒரு நாடு எவ்வளவு போராடுகிறது என்று நேரில் பார்த்தால், அடுத்த முறை எங்கே அழுத்த வேண்டும் என்று தெரியும்.

இன்னொன்று. பேரவைக்கு வர முடியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு நாட்டையும் சுமார் நாலரை வருடத்துக்கு ஒரு முறை மற்ற நாடுகள் விசாரிக்கும் காலமுறை மீளாய்வு, யு.பி.ஆர். அதற்கு எழுத்து அறிக்கை அனுப்ப ஆலோசனை அந்தஸ்து தேவையில்லை. தனி அமைப்பு என்றால் 2,815 சொல், பல அமைப்புகள் சேர்ந்தால் 5,630 சொல். உங்கள் வகுப்பே ஓர் அமைப்போடு சேர்ந்து எழுதலாம்.

அந்தஸ்து ஏன் பெரிய விஷயம் என்றால், சர்வதேச தலித் ஒற்றுமை வலைப்பின்னலுக்கு அதைக் கொடுக்காமல் 2008லிருந்து தள்ளிக்கொண்டே வந்தார்கள். இந்தியா ஒரு கேள்விக்குப் பதில் வந்ததும் அடுத்த கேள்வியைக் கேட்டு நிறுத்தி வைத்தது. 2022 டிசம்பரில்தான் வாக்கெடுப்பில் கிடைத்தது. உள்ளே போகும் பாஸ் ஒன்று உங்கள் கழுத்தில் தொங்குகிறது என்றால் அதற்குப் பின்னால் யாரோ வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

கோண்டாவில்_மாணவி

நன்றி அண்ணா, நிலா அக்கா. பாதுகாப்பைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே. அம்மா அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறா.

லொசான்_தேவன்

அதைத் தனியாக எழுத நினைத்தேன். பயப்படுத்த இல்லை, ஆனால் உன் அம்மா கேட்பது சரியான கேள்வி.

2013 செப்டெம்பரில் ஜெனீவாவுக்குப் புறப்பட்ட சீனச் செயற்பாட்டாளர் சாவ் ஷுன்லியை பெய்ஜிங் விமான நிலையத்திலேயே பிடித்தார்கள். தடுப்பில் உடல்நிலை மோசமாகி 2014 மார்ச்சில் இறந்தார். பேரவையில் அவருக்காக அமைப்புகள் மௌன அஞ்சலி செலுத்த முயன்றபோது சீனா அதையும் தடுத்தது. ஐ.நா.வோடு ஒத்துழைத்ததற்காகப் பழிவாங்கப்படுகிறவர்களைப் பற்றிச் செயலாளர் நாயகம் வருடா வருடம் அறிக்கை வெளியிடுகிறார். இலங்கையும் அதில் இடம்பெற்றிருக்கிறது. நம் ஊரில் 2019 மே மாதம் யாழ். பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத் தலைவரையும் செயலாளரையும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தது உனக்கே தெரியும். அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது.

ஆகவே: மண்டபத்தில் பேசுவது ஐ.நா. இணையத் தொலைக்காட்சியில் நேரடியாகப் போகும், பிறகும் அங்கேயே கிடக்கும். முகமும் பெயரும் தெரியப் பேசுவது மூவரில் யார் என்று வீட்டாரோடு இருந்து முடிவெடுங்கள். ஊருக்குத் திரும்பி வாழப்போகிறவர் பேசாமல், வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் அதே வரிகளை வாசிக்கலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை. பக்க அறைகளில் யார் எவரென்று தெரியாதவர்கள் கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்தால் உடனே கூட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். குடும்பங்களின் கோப்பு உங்கள் கைபேசியிலோ மடிக்கணினியிலோ இருக்கக்கூடாது, வரும்போதும் போகும்போதும். போவதற்கு முன்பே கொழும்பில் ஒரு சட்டத்தரணியின் இலக்கத்தை வீட்டில் கொடுத்து வையுங்கள். உங்களை அனுப்பும் அமைப்பிடம், ஏதாவது நடந்தால் யார் என்ன செய்வார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் போக வேண்டாம். நான் மனதறிந்தே சொல்கிறேன், போக வேண்டாம்.

ரொறன்ரோ_குமரன்

இந்த இழை இப்படிப் போகும் என்று நான் நினைக்கவில்லை. ஜெனீவா நீதி தரும் என்று இப்போதும் நான் நம்பவில்லை. ஆனால் வதனி பிள்ளை சொன்ன பை வேலைக்கு, ஸ்கேன் செய்கிற மெஷினுக்கும் பிரயாணச் செலவுக்கும் நான் காசு தருகிறேன். ஒரு நிபந்தனை: திரும்பி வந்த பிறகு மூன்று பேரும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய், யாரைச் சந்தித்தோம், என்ன சொன்னார்கள், யார் முகம் கொடுக்கவில்லை என்று தாய்மாருக்கு நேரே சொல்ல வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதையும் சொல்ல வேண்டும்.

கரைச்சி_வதனி

அண்ணை, அதுதான் எங்களுக்கு வேண்டியது. கூட்டம் வைக்க இடம் நான் பார்க்கிறேன்.

கோண்டாவில்_மாணவி

அப்பாவுக்கு இந்த இழையை வாசித்துக் காட்டினேன். அவரும் பை வேலைக்கு வருகிறாராம், அவருக்குச் சிங்களத்தில் எழுதிய கடிதம் வாசிக்கத் தெரியும்.

நாங்கள் மூவரும் கிளிநொச்சியிலும் செம்மணிப் பக்கத்து அரியாலையிலும் போய்ப் பேசிவிட்டு ஒரு கோரிக்கை எழுதியிருக்கிறோம். பாருங்கள்: "தமிழ் மக்களுக்கு நீதி கிடைக்கவும் செம்மணி உள்ளிட்ட புதைகுழிகளின் உண்மை வெளிவரவும் சர்வதேச சமூகம் உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும்."

லொசான்_தேவன்

இதை நாளைக்கு மலாவி அதிகாரியிடம் கொடுத்தால், அவர் தலையாட்டி "நிச்சயமாக" என்று சொல்லிவிட்டு மடித்து வைத்துவிடுவார். அவர் என்ன செய்ய வேண்டும் என்று இதில் இல்லை. யார், எதை, யாரிடம் கேட்க வேண்டும்?

செம்மணியை எடுத்தது நல்லது. 1998இல் ஒரு இராணுவச் சிப்பாய் நீதிமன்றத்தில் நின்று நூற்றுக்கணக்கானோர் அங்கே புதைக்கப்பட்டதாகச் சொன்னான். அடுத்த வருடம் தோண்டி 15 உடல் எடுத்ததோடு நின்றது. 2025இல் அங்கே சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேலே எலும்புக்கூடுகள், குழந்தைகளுடையதும். ஒரு பிள்ளையின் நீலப் புத்தகப் பை. ஆணையாளர் வோல்கர் டர்க் ஜூனில் அங்கே நேரில் வந்தார். ஆகவே எல்லா அதிகாரிக்கும் இந்தப் பெயர் தெரியும், நீ முதலிலிருந்து விளக்கத் தேவையில்லை.

அங்கே தாய்மார் உன்னிடம் கேட்டது என்ன? சரியாக அவர்கள் சொன்னபடி எழுது.

கோண்டாவில்_மாணவி

எலும்பு யாருடையது என்று தெரிய வேண்டும் என்றார்கள். பரிசோதனையை அரசு மட்டும் செய்தால் நம்ப மாட்டோம், வெளியாட்கள் கூட இருக்க வேண்டும் என்றார்கள். தங்கள் இரத்த மாதிரியை யாரிடம் கொடுக்கிறோம், அது எங்கே போகும் என்று தெரியாமல் கொடுக்கப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னார்கள்.

இப்படி மாற்றலாமா: "செம்மணியில் மீட்கப்பட்ட எலும்புக்கூடுகளை அடையாளம் காணும் மரபணுப் பரிசோதனையில் சர்வதேசத் தடயவியல் நிபுணர்களை ஈடுபடுத்துமாறும், குடும்பங்கள் கொடுக்கும் மாதிரிகளைச் சுயாதீனமான இடத்தில் பாதுகாக்குமாறும் உங்கள் நாடு பேரவையில் தன் உரையிலேயே இலங்கையிடம் கேட்க வேண்டும்."

லொசான்_தேவன்

இதுதான். இதை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் போட்டுக்கொள், ஆபிரிக்கத் தூதரகங்கள் பலவற்றுக்குப் பிரெஞ்சு வேண்டும். பிரெஞ்சை நான் பார்த்துத் தருகிறேன். சந்திப்புக் கேட்டு மின்னஞ்சல்களைக் கூட்டத்தொடர் தொடங்க மூன்று கிழமைக்கு முன்பே அனுப்பு. பதில் வராத தூதரகங்களுக்கு ஒரு கிழமை கழித்துத் தொலைபேசி எடு. அரியாலைத் தாய்மாரிடம் இந்த வரியை வாசித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகு மட்டும் அனுப்பு.